நெட் கம்பெனி மாற்றிய பிறகு ஆபீஸ் மெயில் போகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பீன்யா, ராஜாஜிநகர், சிக்பேட்டை பக்கம் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை செய்து கொடுக்கிறேன். அதில் பாதிப் பேர் நம் ஆட்கள், ஓசூர், சேலம், ஆம்பூர் பக்கமிருந்து வந்து கடையோ பட்டறையோ போட்டவர்கள். யாராவது ரோட்டைத் தோண்டுவார்கள், கேபிள் அறுந்துபோகும், நாலு நாள் நெட் இருக்காது, வெறுத்துப்போய்க் கம்பெனியை மாற்றுவார்கள். மாற்றிய இரண்டாம் நாள் எனக்குப் போன் வரும், மெயில் போகவில்லை என்று. கேள்விகள் எப்போதும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதிப் பதிலும் போட்டுவிட்டேன். கீழே போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

நெட் நல்லா ஓடுது, யூட்யூப் வருது, வாட்ஸ்அப் போகுது. மெயில் மட்டும் ஏன் போகல?

பிரவுசரில் நீங்கள் பார்ப்பது கிட்டத்தட்ட எல்லாமே 443 என்ற ஒரே போர்ட் (எண் போட்ட வாசல் மாதிரி) வழியாகத்தான் வருகிறது. மெயிலுக்கு வேறு போர்ட்கள். அனுப்ப 25, 465, 587. வாங்க 993 அல்லது 995. இதில் 25-ஐப் பல நெட் கம்பெனிகள் மூடியே வைத்திருப்பார்கள், ஏனென்றால் வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்கள் அந்த வழியாகத்தான் ஸ்பேமைக் கொட்டும். பழைய கம்பெனி திறந்து விட்டிருக்கும், புதுசு மூடியிருக்கும், உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி மாறியதும் உங்கள் ஐபி முகவரி, அதாவது இன்டர்நெட்டில் உங்கள் லைனுக்குக் கொடுத்திருக்கிற எண், மாறிவிட்டது. யூட்யூபுக்கு அது பெரிய விஷயமில்லை. மெயில் வாங்குகிற சர்வர் மட்டும் ‘இந்த டொமைன் (முகவரியில் @-க்குப் பிறகு வருவது) பெயரில் இந்த ஐபியிலிருந்து மெயில் வரலாமா’ என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். கீழே இருக்கிற பாதிக் கேள்விகளுக்கு வேர் இதுதான்.

எங்க மெயில் எங்கேர்ந்து போகுதுன்னே தெரியாது சார். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேட்க வெட்கப்பட வேண்டாம், பல முதலாளிகளுக்குத் தெரியாது. மெயிலை அமைத்துக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போயிருப்பான், பாஸ்வேர்டும் அவனோடு போயிருக்கும்.

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை பெஸ்காம் கரண்ட் கட் ஆகி, யுபிஎஸ்ஸும் அணைந்து, ஆபீஸில் எல்லாமே இருட்டாக இருக்கும்போது உங்கள் போனில் மொபைல் டேட்டா போட்டு ஆபீஸ் மெயிலைத் திறந்து, புது மெயில் வருகிறதா பாருங்கள். வந்தால் உங்கள் மெயில் வெளியே எங்கேயோ இருக்கிறது: கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ, இல்லையென்றால் வெப்சைட் வைத்திருக்கிற ஹோஸ்டிங் கம்பெனி. வரவில்லையென்றால் ஆபீஸ் மூலையில் மெயில் சர்வர் என்று ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வேலை அதிகம், கடைசிவரை படியுங்கள்.

எங்களுக்கு மெயில் கூகுள்ல இருக்கு. நெட் மாத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்களே?

பிரவுசரில் திறந்து அனுப்புகிற மெயிலுக்கு ஒன்றும் ஆகாது, சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆபீஸில் மனிதர்கள் மட்டும் மெயில் அனுப்புவதில்லை. ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து அனுப்புகிறது, டேலியிலிருந்து இன்வாய்ஸ் போகிறது, சிசிடிவி பெட்டி அலர்ட் அனுப்புகிறது. இவற்றைப் பல இடங்களில் பாஸ்வேர்டு இல்லாமல், ‘இந்த ஐபியிலிருந்து வந்தால் நம்ம ஆபீஸ்தான், விடு’ என்று கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ எழுதி வைத்திருப்பார்கள். ஐபி மாறிய நொடியே அது செத்துப்போகும். எனக்குத் தெரிந்த ஒரு பேக்கிங் பட்டறையில் ஒரு வாரம் ஒரு இன்வாய்ஸும் போகவில்லை. அக்கவுண்டன்ட் அம்மா பார்ட்டிகளுக்குப் போன் போட்டு ஏன் பணம் வரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் அட்மின் கன்சோலில் ஜிமெயிலுக்குள் ரௌட்டிங் பகுதியில் எஸ்எம்டிபி ரிலே (மெஷின்கள் கொடுக்கிற மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் வசதி) என்று இருக்கும், அங்கே பழைய ஐபியை எடுத்துப் புதியதைப் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் மெயில் ஃப்ளோ, அதில் கனெக்டர். இன்னும் சில இடங்களில் சாதாரண ஜிமெயில் ஐடியை மெஷினுக்குள் போட்டு வைத்திருப்பார்கள். லைன் மாற்றும் சாக்கில் மெஷினை ரீசெட் செய்து பழைய பாஸ்வேர்டையே திரும்ப அடித்தால் ஏறாது, ஏனென்றால் தனிநபர் ஜிமெயிலில் வெறும் பாஸ்வேர்டு போட்டு நுழைவதை 2022 மே மாத இறுதியில் நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டால், ஆப் பாஸ்வேர்டு என்று 16 எழுத்தில் ஒன்று தருவார்கள், அதைத்தான் போட வேண்டும்.

மெயில் எல்லாம் வருது, ஆனா போக மாட்டேங்குது. அவுட்லுக்ல அவுட்பாக்ஸ்லயே நிக்குது.

அவுட்லுக்கின் அக்கவுண்ட் செட்டிங்கில் அவுட்கோயிங் சர்வர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய நெட் கம்பெனியின் பெயர் அங்கே இருந்தால் விஷயம் முடிந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டுக் கொடுப்பார்கள், மெயில் வாங்க ஒரு சர்வர், அனுப்ப நெட் கம்பெனியின் சர்வர். அந்த சர்வர் தன் சொந்த லைனில் இருக்கிறவர்களிடமிருந்து மட்டும்தான் மெயில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் இப்போது வெளியாள்.

அங்கே உங்கள் மெயில் கம்பெனியின் சொந்த அவுட்கோயிங் சர்வர் பெயரைப் போட்டு, போர்ட்டை 25-லிருந்து 587-க்கு மாற்றி, ‘அவுட்கோயிங் சர்வருக்கும் பாஸ்வேர்டு தேவை’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். இந்த டிக்கைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சர்வர் பெயர் சரியாகவே இருந்து போர்ட் மட்டும் 25 என்று இருந்தாலும் இதே மருந்துதான்.

587, 465 ரெண்டும் சொல்றாங்க. எதைப் போடணும்?

எது வேலை செய்கிறதோ அது. 465 ஆரம்பத்திலிருந்தே பூட்டிய பாதை, 587 சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு பூட்டிக்கொள்ளும், அதனால் என்கிரிப்ஷன் என்ற இடத்தில் முன்னதற்கு எஸ்எஸ்எல், பின்னதற்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் சுற்றிக்கொண்டே நிற்கும்.

மெயில் திரும்பி வருது. அதுல இங்கிலீஷ்ல ஏதோ நீளமா இருக்கு, டெலீட் பண்ணிட்டேன்.

தயவுசெய்து டெலீட் செய்யாதீர்கள். டாக்டரிடம் போகும்போது டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவீர்களா? ஏன் போகவில்லை என்பதற்கான பதில் அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. எனக்குப் போன் போட்டு ‘போகல சார்’ என்று பத்து நிமிடம் பேசுவதைவிட அந்தக் கடிதத்தின் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

அதில் மூன்று இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 4-ல் தொடங்கினால் (421, 450, 451) ‘இப்போது முடியாது, அப்புறம் வா’ என்று அர்த்தம், உங்கள் சர்வரே திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், கொஞ்சம் பொறுங்கள். 5-ல் தொடங்கினால் (550, 554) முடிவாக மறுத்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்தில் புள்ளி வைத்த எண் ஒன்று இருக்கும். 5.1.1 என்றால் அந்த முகவரியே இல்லை, ஸ்பெல்லிங்கைப் பாருங்கள், நெட் மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 5.7 என்று தொடங்கினால் உங்களை நம்பவில்லை. ஜிமெயில் 5.7.26 என்று சொன்னால் எஸ்பிஎஃப், டிகிம் சோதனையில் தேறவில்லை, 5.7.25 என்று சொன்னால் பிடிஆர் இல்லை. இரண்டும் கீழே வருகிறது.

மத்தவங்களுக்குப் போகுது, ஜிமெயில்காரங்களுக்கு மட்டும் போகல, இல்லேன்னா ஸ்பேம்ல விழுது.

உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில், அதாவது எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்கிற இன்டர்நெட் டைரக்டரியில், எஸ்பிஎஃப் என்று ஒரு வரி இருக்கும். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள ஐபிகள் இவைதான் என்று ஊருக்கு அறிவிக்கிற வரி. அதில் இன்னும் பழைய ஐபி உட்கார்ந்திருக்கும். நீங்கள் அனுப்புவது புது ஐபியிலிருந்து. பார்க்கிறவனுக்கு நீங்கள் ஆள்மாறாட்டம் செய்கிற மாதிரித்தான் தெரியும். புது ஐபியைச் சேருங்கள், பழையதை எடுத்துவிடுங்கள். எடுப்பதும் முக்கியம், அந்த ஐபி நாளைக்கு வேறு யாருக்கோ போகும், அவர் உங்கள் பெயரில் அனுப்பினாலும் செல்லும் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஜிமெயில் மட்டும் ஏன் கறார் என்றால், 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹுவும் விதிகளை இறுக்கிவிட்டார்கள். யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (தேறாத மெயிலை என்ன செய்வது என்று டொமைன்காரர் எழுதி வைக்கிற வரி) வேண்டும். என் யோசனை, நீங்கள் ஒரு நாளைக்கு ஐம்பது மெயில் அனுப்பினாலும் டிகிம் போட்டு வையுங்கள். அது மெயிலின் மேலேயே வைக்கிற கையெழுத்து, ஐபியோடு ஒட்டாது, நெட் கம்பெனியை நாலு முறை மாற்றினாலும் அப்படியே நிற்கும்.

எஸ்பிஎஃப் மாத்தியாச்சு. இன்னும் அதே எர்ரர்தான் வருது.

மூன்று விஷயம் பாருங்கள். பழைய வரியை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு எஸ்பிஎஃப் வரியைச் சேர்த்திருப்பீர்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அடுத்து, அந்த வரிக்குள் இன்க்ளூட் என்று கண்ட சேவைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டே போயிருப்பீர்கள், மொத்தம் 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போனால் அதுவும் தோல்விதான்.

மூன்றாவது, அதிகம் நடப்பது. டொமைனை ஒரு இடத்தில் வாங்கியிருப்பீர்கள், நேம்சர்வர் (டிஎன்எஸ் வரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்வது) வேறு இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். வாங்கிய இடத்தில் உட்கார்ந்து மாற்றினால் யாரும் அதைப் படிப்பதே இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் டிடிஎல் (பழைய பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், நொடிக் கணக்கில்) முடியும்வரை பொறுங்கள், 86400 என்று போட்டிருந்தால் அது ஒரு முழு நாள்.

ஸ்டாட்டிக் ஐபி கண்டிப்பா வேணுமா? தனியா காசு கேக்கறாங்க.

ஸ்டாட்டிக் என்றால் மாறாத ஐபி. மெயில் வெளியே இருந்தால் மெயிலுக்காக வேண்டாம். மேலே சொன்ன ஸ்கேனர் ரிலே மாதிரி ஐபியை வைத்து அடையாளம் பார்க்கிற இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், அதையும் பாஸ்வேர்டு முறைக்கு மாற்றிவிட்டால் அந்தக் காசும் மிச்சம்.

ஆபீஸிலேயே சர்வர் இருந்தால் கண்டிப்பாக வேண்டும். சாதாரண கனெக்ஷனில் ரௌட்டர் செட்டிங்கைத் திறந்து வேன் (WAN, வெளிப்பக்க) ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகளோடு பங்குபோட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து ஒரு மெயிலும் உங்கள் பெட்டிக்கு வந்து சேராது. எத்தனை போர்ட் ஃபார்வர்டு போட்டாலும் வராது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். ஸ்டாட்டிக் கேட்கும்போதே 25-ஐ இரண்டு பக்கமும் திறந்து தருவீர்களா, பிடிஆர் போடுவீர்களா என்று கேட்டு மெயிலில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பிடிஆர் பிடிஆர்னு ஏதோ கேக்குது. டொமைன் வாங்கின இடத்துல தேடினா அந்த ஆப்ஷனே இல்ல.

அங்கே இருக்காது. டொமைனிலிருந்து ஐபியைக் காட்டுவது உங்கள் கையில். ஐபியிலிருந்து பெயரைக் காட்டுவதுதான் பிடிஆர், அது ஐபி யாருடையதோ அவர் கையில், அதாவது நெட் கம்பெனி கையில். பழைய கம்பெனி எப்போதோ போட்டுக் கொடுத்திருக்கும், அது அவர்களோடு போய்விட்டது. புதிய கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்: ‘இந்த ஸ்டாட்டிக் ஐபிக்கு மெயில் சர்வரின் இந்தப் பெயரில் ரிவர்ஸ் டிஎன்எஸ் போட்டுத் தரவும்.’ கஸ்டமர் கேரில் முதலில் போனை எடுப்பவர் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, டிக்கெட்டை நெட்வொர்க்கைக் கவனிக்கிற என்ஓசி டீமுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

போட்டு வந்ததும் ஒன்றைச் சரிபாருங்கள். ஐபி அந்தப் பெயரைக் காட்ட வேண்டும், அந்தப் பெயர் திரும்ப அதே ஐபியைக் காட்ட வேண்டும், உங்கள் சர்வர் ஹலோ சொல்லும்போதும் அதே பெயரைச் சொன்னால் நல்லது.

புது ஐபி முதல் நாளே பிளாக்லிஸ்ட்ல இருக்கு. நாங்க ஒரு மெயில்கூட அனுப்பலயே சார்!

வாடகை வீடு மாதிரிதான், முன்னால் குடியிருந்தவன் வைத்துவிட்டுப் போன கடனுக்கு உங்கள் கதவைத் தட்டுகிறார்கள். எந்தப் பட்டியல் என்று முதலில் பாருங்கள். ஸ்பாம்ஹாஸ் என்ற ஸ்பேம் தடுப்பு அமைப்பின் பிபிஎல் என்றால் அது குற்றப்பட்டியலே இல்லை, ‘இவை வீட்டு லைன்கள், இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது’ என்ற அறிவிப்பு. ஸ்டாட்டிக் ஐபியும் பிடிஆரும் இருந்தால் அவர்கள் தளத்திலேயே இலவசமாக எடுத்துவிடலாம். எக்ஸ்பிஎல் என்றால் அந்த ஐபியிலிருந்து வைரஸ் வேலை நடந்திருக்கிறது, எடுக்கச் சொல்வதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள், பழி முன்னவன் மேல் இல்லாமலும் இருக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, திரும்பி வந்த மெயிலிலேயே எங்கே போய் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று லிங்க் இருக்கும். காசு கொடுத்தால் உடனே எடுத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் போனை வைத்துவிடுங்கள். அப்புறம், நெட் கம்பெனியிடம் வேறு ஐபி மாற்றிக் கேட்பதும் ஒரு வழிதான், முதல் வாரத்தில் கேட்டால் பெரும்பாலும் முனகாமல் தருவார்கள்.

ஆபீஸ் உள்ளே மெயில் திறக்கல, வெளில போன் டேட்டால திறக்குது. நெட் கம்பெனி தப்புதானே?

இருக்கலாம், ஆனால் நான் முதலில் ஹோஸ்டிங் கம்பெனியைத்தான் சந்தேகப்படுவேன். ஏதோ ஒரு பழைய கம்ப்யூட்டரில் தப்பான பாஸ்வேர்டு இருக்கும், அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டிக்கொண்டிருக்கும், ஹோஸ்டிங்கின் ஃபயர்வால் மொத்த ஆபீஸ் ஐபியையும் தடை செய்துவிடும். பழைய ஐபியை விலக்குப் பட்டியலில் வைத்திருப்பார்கள், அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. புது ஐபியைச் சொல்லி விடுவிக்கச் சொல்லுங்கள், அந்தக் கம்ப்யூட்டரையும் தேடிப் பிடியுங்கள்.

சின்ன மெயில் போகுது. டிராயிங் அட்டாச் பண்ணினா பாதில தொங்குது.

முதலில் அளவைப் பாருங்கள். மெயிலில் ஏறும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், எதிர்ப் பக்கத்து சர்வர் 25 எம்பிக்கு மேல் வாங்காது என்றால் நீங்கள் 18 எம்பிக்கு மேல் வைக்கக் கூடாது. அளவு சரி, பழைய லைனில் போனது, இங்கே 2 எம்பிகூடப் போகவில்லை என்றால் எம்டியூவைப் பாருங்கள், ஒரு பாக்கெட் (டேட்டா துண்டு) எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு அது. புது லைன் பிபிபிஓஇ முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு ஏறுவதாக இருந்தால் ஒரு பாக்கெட்டின் அளவு 1500-லிருந்து 1492-க்குக் குறையும். ஃபயர்வாலில் இன்னும் 1500 இருந்தால் சின்ன பாக்கெட் எல்லாம் போகும், முழு பாக்கெட் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஃபயர்வாலில் 1492 போட்டுப் பாருங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு முதல் முறை இரண்டு நாள் ஆயிற்று, அட்டாச்மெண்டைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ரெண்டு கனெக்ஷன் வச்சிருக்கோம். காலைல போகுது, சாயங்காலம் போகல.

ரௌட்டர் இரண்டு லைனுக்கும் மாற்றி மாற்றி அனுப்புகிறது, எஸ்பிஎஃப்பில் ஒரு ஐபிதான் இருக்கிறது. இரண்டு ஐபியையும் சேருங்கள், இரண்டுக்கும் பிடிஆர் வாங்குங்கள். அல்லது மெயில் சர்வர் எப்போதும் ஒரே லைனில் மட்டும் போகும்படி ரௌட்டரில் விதி எழுதுங்கள்.

ஒரே லைன்தான், ஆனாலும் இப்படி விட்டுவிட்டு நடக்கிறது என்றால் ஐபிவி6-ஐ (ஐபி முகவரியின் புதிய வகை, பழையது ஐபிவி4) பாருங்கள். பழைய லைனில் அது இருந்திருக்காது, புதிய லைனில் தானாக வந்திருக்கும். உங்கள் சர்வர் ஜிமெயிலோடு ஐபிவி6-ல் பேசப் போகும், அதற்கு எஸ்பிஎஃப்பும் இல்லை, பிடிஆரும் இல்லை, மேலே சொன்ன 5.7.25 வரும். மெயில் சர்வரை ஐபிவி4-ல் மட்டும் அனுப்பச் சொல்லிவிடுவதுதான் சின்ன ஆபீஸுக்குச் சுருக்கமான வழி.

எல்லாம் போகுது, ஆனா எங்களுக்கு வர்ற மெயில் மொத்தமும் ஸ்பேம்னு திரும்பிப் போகுதாம்! கஸ்டமர் போன் பண்ணிச் சொல்றாங்க.

சொந்த சர்வர்காரர்களுக்கு மட்டும் வரும் வினோதமான நோய் இது. உங்கள் சர்வர் ஒவ்வொரு மெயில் வரும்போதும் அனுப்புகிறவர் ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் இருக்கிறாரா என்று டிஎன்எஸ் வழியாகக் கேட்கும். லைன் மாற்றியபோது யாரோ டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று கூகுளுக்கு மாற்றியிருப்பார்கள். அப்படிப் பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் பட்டியலைச் சொல்லாது, 127.255.255.254 என்ற பதிலைத் தரும், ‘இப்படிக் கேட்காதே’ என்று அர்த்தம். சரியாக அமைக்காத சர்வர் எந்தப் பதில் வந்தாலும் ‘ஆமாம், பட்டியலில் இருக்கிறார்’ என்று எடுத்துக்கொண்டு வருகிற எல்லோரையும் விரட்டும். சர்வருக்குச் சொந்தமாக ஒரு டிஎன்எஸ் ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் தேடித் தருவது) போடுங்கள், முடியாவிட்டால் அந்தச் சோதனையை அணைத்துவிடுங்கள்.

மாத்தின ரெண்டு நாள்ல வந்த மெயில் எல்லாம் போச்சா? பழைய லைனை எப்ப கட் பண்ணலாம்?

பெரும்பாலும் போயிருக்காது. உங்கள் சர்வர் கிடைக்கவில்லை என்றால் அனுப்பியவரின் சர்வர் வரிசையில் வைத்து முயற்சி செய்துகொண்டே இருக்கும், வழக்கமாக நாலைந்து நாள். அதற்குள் எம்எக்ஸ் (உங்களுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) காட்டுகிற பெயருக்குப் புது ஐபியைப் போட்டுவிட்டால் ஒவ்வொன்றாக வந்து விழும், தேதி மட்டும் பழையதாக இருக்கும், இன்பாக்ஸில் கீழே தேடுங்கள். சிலர் நேரத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள், அவர்களுடையது திரும்பிப் போயிருக்கும்.

பழைய லைனை ஒரு மாத பில் அதிகமானாலும் பரவாயில்லை என்று விட்டு வையுங்கள். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300 ஆக்கிவிடுங்கள், மாற்றிய பிறகு பழைய லைன் வழியாக ஒரு மெயிலாவது வருகிறதா என்று சர்வர் லாகில் பாருங்கள், ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை என்றால் கட் செய்யலாம். பழைய கம்பெனி இலவசமாகக் கொடுத்த மெயில் ஐடி ஏதாவது ஜிஎஸ்டி போர்ட்டலிலோ பேங்கிலோ பதிவாகியிருக்கிறதா என்பதையும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள். லைனை மூடினால் சில கம்பெனிகளில் அந்தப் பெட்டியும் மூடிவிடும், ஓடிபி அங்கே போய்க்கொண்டிருக்கும். சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மோடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எனக்குப் போன் செய்தார், 20-ஆம் தேதி ரிட்டர்ன் போட வேண்டியவர்.